மூன்று கால் வாங்குமுன்...



ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் நம் பெரியவர்கள். ஒரு காலை விடுவதற்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், மூன்று கால் வாங்குவதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்! நான் சொல்வது கேமராவைத் தாங்கும் முக்காலியை.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனுக்குச் செம்பனை ஆலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறான். அவன் தாயார் ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"சார், சீட்டுப் பணம் எடுத்து வச்சிருக்கேன். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக் கார்பன் முக்காலி வேணுங்கிறான். அது என்ன சார், தங்கத்துல செஞ்சதா?"

2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியானது. ஏறக்குறைய ஒரு மாத உழைப்பை மூன்று குச்சிகளுக்குக் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? பையனை அழைத்துப் பேசினேன்.

கார்பன் முக்காலி என்பது, முடியைவிட மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துக் குழாயாக்கிச் செய்வது. அலுமினியத்தைவிட எடை குறைவு. அதிர்வும் சீக்கிரம் அடங்கும். 1990களில் கிட்ஸோ நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது எட்டாக்கனி. இன்று சீனத் தொழிற்சாலைகள் பல செய்வதால் விலை இறங்கியிருக்கிறது.

ஆனால் முக்காலி எல்லாக் குறையையும் தீர்க்காது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதை நாம் அறிவோம். அங்கே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பூச்சிகளுக்குத் தொல்லை. ஆகவே கேமராவின் கண்ணைச் சில வினாடிகள் திறந்தே வைக்க வேண்டும். நம் பையன் நண்பனின் விலையுயர்ந்த முக்காலியை இரவல் வாங்கிப் படகில் நிறுத்தினான். முக்காலி ஆடவில்லை, படகல்லவா ஆடியது! படமெல்லாம் கோடு கோடாக வந்தது. அதே முக்காலியைக் கரையில் ஊன்றியதும் படம் தெளிந்தது. நிற்கும் தரை உறுதியில்லாவிட்டால் எந்த விலையும் உதவாது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை:

காலை முழுவதும் நீட்டி, தலையில் கை வைத்து மெல்ல அழுத்துங்கள். வளைந்தாலும் வழுக்கினாலும் வேண்டாம். மலிவுச் சரக்கில் குழாய் நன்றாக இருந்தாலும் பூட்டும் தலையும் ஏமாற்றும்.

ஐந்து மடிப்புக் காலைவிட மூன்று மடிப்புக் கால் உறுதி. மடிப்பு கூடினால் கடைசிக் குழாய் மெலிந்துவிடும்.

எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதில் பாதியை நம்புங்கள்.

நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும். அதைத் தூக்காமலே உங்கள் கண் உயரத்துக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள்.

எடை குறைந்த முக்காலியைக் கடற்காற்று சாய்த்துவிடும். நடுவில் பையைத் தொங்கவிடக் கொக்கி இருக்கட்டும்.

பழைய முக்காலி என்றால் குழாயில் விரிசல் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். கார்பன் நசுங்காது, பிளக்கும்.

சாசாரான் மணல்திட்டுக்குக் கொண்டுபோனால், வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். கார்பன் துருப்பிடிக்காது, அதன் திருகும் பூட்டும் உப்பில் அரித்துப்போகும்.

மோட்டார் சைக்கிளிலும் காரிலும் மட்டும் கொண்டுபோகிறவருக்கு அலுமினியமே போதும். தோளில் சுமந்து நெடுந்தூரம் நடப்பவருக்குத்தான் கார்பன் காசுக்கு ஈடு.

நம் பையன் ஆற்றோரமும் அலையாத்திக் காடும் நடந்து திரிபவன். பட்டணத்துப் படக்காரர் ஒருவரிடம் விரிசலில்லாத பழைய கார்பன் முக்காலியை அறுநூறு வெள்ளிக்கு வாங்கினான். மீதிப் பணம் தாயாரிடமே திரும்பியது.

அதில் அவன் எடுத்த முதல் படம் மின்மினியல்ல. அவன் குடும்பம் லயத்து வீட்டைக் காலி செய்யும் வாரம் அது. வாசலில் அப்பா, அம்மா, தங்கையை நிறுத்தி, கேமராவில் பத்து வினாடி வைத்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டான். எத்தனையோ குடும்பங்களைப் படம் எடுத்தவன், தன் குடும்பப் படத்தில் நின்றது அன்றுதான்.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை எனக்கும் தந்தார் தாயார். "முக்காலி வாங்கினதும் நல்லதாப் போச்சு சார்" என்றார்.