கொடி புடிச்சா உலகக் குடிமகன் ஆயிடுவானா?

இன்னிக்கு விவசாயம் கொஞ்சம், பள்ளிக்கூடம் கொஞ்சம். ரெண்டும் ஒண்ணுதான்னு படிச்சு முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

உயர்நிலைப் பள்ளிப் பசங்களை 'உலகக் குடிமக்களா' வளர்க்கணும்னு இப்பப் பெரிய பேச்சா இருக்கு. ஐ.நா. சபை 2015-ல அறிவிச்ச 17 வளர்ச்சி இலக்குகள்ல நாலாவது கல்வி. அதுக்குள்ள 4.7-னு ஒரு பிரிவுல இந்த உலகக் குடியுரிமைங்கற சொல் இருக்கு. நல்ல விஷயம்தான். என் சண்டை அந்தச் சொல்லோட இல்லைங்க, அதை நடத்தற லட்சணத்தோட.

எப்படி நடத்தறாங்க? அக்டோபர் 24 ஐ.நா. நாள் வந்தா சார்ட் பேப்பர் வாங்கச் சொல்றாங்க. ஒரு புள்ளைக்கு ஜப்பான் வேஷம், ஒரு பையனுக்கு ஆப்பிரிக்கா வேஷம். ஆப்பிரிக்கான்னா மூஞ்சில கரியப் பூசி, இடுப்புல தழையக் கட்டி விடறது. 54 நாடு இருக்கற ஒரு கண்டத்தை நம்ம புள்ளைங்க தெரிஞ்சுக்கறது இப்படித்தான். அப்புறம் ஒரு உறுதிமொழி, ஒரு போட்டோ. உலகக் குடிமகன் ரெடி.

இதைக் கிண்டல் பண்ற இன்னொரு கூட்டம் டீக்கடையில இருக்கு. 'சொந்த ஊரு ஏரி எங்க இருக்குன்னு தெரியாத பயலுக்கு உலகம் எதுக்குங்க?'ன்னு கேக்கறாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுவும் தப்பு. உலகம் ஏற்கெனவே நம்ம காட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. பாக்காம இருந்தா நஷ்டம் நமக்குத்தான்.

எங்க சேலம் பக்கம் குச்சிக்கிழங்கையே எடுத்துக்குங்க. மரவள்ளின்னு புஸ்தகத்துல இருக்கும். அது நம்ம பயிரே இல்லை. தென் அமெரிக்காவுல பொறந்தது. 1880-கள்ல திருவாங்கூர் ராஜா விசாகம் திருநாள் அதைத் தன் சமஸ்தானத்துல பரப்பினார். அங்க இருந்து மெல்ல இந்தப் பக்கம் வந்தது. ரெண்டாம் உலகப்போர்ல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னுபோச்சு. அப்பத்தான் சேலத்துல இந்தக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பிச்சாங்க. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆச்சுன்னு சொல்லுவாங்க. 2023-ல 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடே கெடைச்சுது.

கிழங்கு வந்த தேசத்துல இருந்தே அதோட எதிரியும் வந்தது. 2020-ல கேரளாவுல திருச்சூர் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சியக் கண்டுபிடிச்சாங்க. கொஞ்ச நாள்ல சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்திருச்சு. நுனி இலை சுருண்டு கொத்தாப் போயிடும், கணு குறுகிடும், கிழங்கு வைக்காது. மருந்து அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போனவங்க நெறைய.

இதே பூச்சி 1970-கள்ல ஆப்பிரிக்காவுல பூந்தது. கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அங்க மரவள்ளிதான் சோறு. பஞ்சம் வரும்னு பயந்தாங்க. சுவிட்சர்லாந்துல பொறந்த ஹான்ஸ் ஹெரன்ங்கற பூச்சி விஞ்ஞானி அப்ப நைஜீரியாவுல வேலை பாத்தார். பூச்சியோட பொறந்த ஊர்ல அதைக் கொல்ற ஒண்ணு இருக்கத்தானே செய்யும்னு தென் அமெரிக்காவுல தேட வெச்சார். 1981-ல பராகுவே நாட்டுல ஒரு குளவி கெடைச்சுது. எறும்பை விடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். புழு உள்ள இருந்தே பூச்சியத் தின்னுட்டு வெளிய வரும். அந்தக் குளவிய வளர்த்து ஆப்பிரிக்காவுல நாடு நாடா விட்டாங்க. மரவள்ளி பொழைச்சுது. 1995-ல ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு குடுத்தாங்க.

நமக்கு ஆபத்து வந்தப்போ பெங்களூருல இருக்கற மத்திய அரசோட பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல அந்தக் குளவிய மேற்கு ஆப்பிரிக்காவுல பெனின்ங்கற சின்ன நாட்டுல இருந்து தருவிச்சுது. 2022 மார்ச்சுல நம்ம ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல வெளிய விட்டாங்க.

இப்பச் சொல்லுங்க. நம்ம கிழங்குக் காட்டைக் காப்பாத்த ஆள் வந்தது எங்க இருந்து? எந்தக் கண்டத்துக்காரன் வேஷம்னு கரியப் பூசி விட்டோமோ, அதே ஆப்பிரிக்காவுல இருந்து. இது நம்ம பசங்களுக்குத் தெரியுமா? ஏத்தாப்பூருக்குப் பக்கத்துலயே இருக்கற பையனுக்குத் தெரியுமா?

புதுப் பாடப்புத்தகம் ஒண்ணும் வேண்டியதில்லைங்க. 'போர்ஷன் முடிக்கவே நேரம் பத்தலை'ன்னு வாத்தியாருங்க சொல்றது நியாயம்தான். ஆனா ஒட்டுண்ணி அறிவியல்ல வருது. உலகப்போர் வரலாறுல வருது. கண்டங்கள் புவியியல்ல வருது. மூணையும் ஒரு கிழங்குல கோத்துக் காட்டினாப் போதும். ஒரு நாள் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னொரு நாள் சேகோ ஆலைக்குக் கூட்டிட்டுப் போங்க. சார்ட் பேப்பர் காசுல பஸ் டிக்கெட்டே எடுத்துடலாம்.

வாங்கினதைச் சொல்லிக் குடுத்தா மட்டும் பாதிதான் ஆகும். நாம என்ன குடுக்கறோம்ங்கறதையும் கேக்கச் சொல்லணும். நம்ம ஜவ்வரிசி மகாராஷ்டிராவுக்கும் குஜராத்துக்கும் போகுது. விரதம் இருக்கறவங்க அதைத்தான் கிச்சடி செஞ்சு சாப்பிடறாங்க. அதை வெள்ளையாக் காட்ட ரசாயனம் கலக்கறதும், மக்காச்சோள மாவு சேக்கறதும் நம்ம பக்கம் நடக்கற அநியாயம். முகம் தெரியாத ஒருத்தர் வயித்துக்கு நாம பொறுப்பா இல்லையா? பூச்சி புடிச்ச காட்டுல வெட்டின விதைக்குச்சிய விலைக்கு ஆசைப்பட்டு வேற ஊருக்கு ஏத்தி விடறோமே, அது நியாயமா? ஆலைக் கழிவுத் தண்ணி ஓடையில போனா கீழ இருக்கற ஊர்க்காரன் என்ன பண்ணுவான்? பத்தாவது படிக்கற புள்ளை இந்தக் கேள்விய நம்ம மூஞ்சிக்கு நேரா கேக்கும். அதுக்குப் பயந்துதான் பெரியவங்க கொடியோட நிறுத்திக்கறோம்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு. ஆலைகள்ல வேலை பாக்க ஒடிசா, பீகார்ல இருந்து குடும்பத்தோட வந்திருக்காங்க. அவங்க புள்ளைங்க சில பேரு நம்ம அரசுப் பள்ளியில நம்ம புள்ளைங்களோட உக்காந்து தமிழ் எழுதறாங்க. அந்தப் பையனை 'டேய் வடக்கா'ன்னுதான் கூப்பிடறாங்க. செவுத்துல கணியன் பூங்குன்றனார் வரி எழுதியிருக்கு, அதுக்குக் கீழயே இப்படி. ஒரே நாட்டுக்காரனையே பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத பையன் பெனின்காரனை எப்படி மதிப்பான்? உலகக் குடியுரிமைக்குப் பரீட்சை வைக்கணும்னா இங்கதான் வைக்கணும்.

பெத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. உலகக் குடிமகன்னா பாஸ்போர்ட்டும், இங்கிலீஷும், கனடா விசாவும்னு நெனைச்சுக்கறோம். எங்கயும் போகாம இதே காட்டுல கிழங்கு போடற புள்ளையும் உலகக் குடிமகன்தான். தன் காட்டுக்குள்ள என்னென்ன நாடு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, தன் காட்டுல இருந்து போறதுக்குத் தான்தான் பொறுப்புன்னு நெனைச்சா.

அடுத்த அக்டோபர்ல உங்க புள்ளை சார்ட் பேப்பருக்குக் காசு கேட்டா குடுங்க. குடுத்துட்டு, 'அந்த நாட்டுல என்ன வெளையுது, அதுக்கும் நமக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்னு உங்க டீச்சரைக் கேட்டுட்டு வா சாமி'ன்னு சொல்லி அனுப்புங்க.