சுவரில் தொங்கிய துப்பாக்கி
உரிமதாரர்கள், பயிற்றுநர்களின் அலட்சியத்தைக் கண்டித்து வெளியிடும் அறிக்கை

மைசூரு.

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டியா மாவட்டம் நாகமங்கலா வட்டத்தில் ஒரு கோழிப்பண்ணை. பிழைப்புத் தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று அங்கே தங்கியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பதின்வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டாகக் கையில் எடுத்தான். அது வெடித்தது. நான்கு வயதுக் குழந்தை இறந்துபோனது. தாய்க்குக் காலில் காயம்.

அந்த ஊர் மைசூருவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரம். ஆனாலும் எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலரும் இதைப் பற்றிப் பேசிய விதம் எங்களை நிலைகுலைய வைத்தது. "பையன் கைதவறி அழுத்திட்டான், பாவம், விதி" என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. அந்தப் பேச்சை எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. குழந்தையின் சாவைச் சிறுவனின் விரலில் கொண்டுபோய் முடிப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

மைசூருவிலும் சுற்று வட்டங்களிலும் உள்ள தமிழ் பேசும் துப்பாக்கி உரிமதாரர்கள், படையிலும் காவல்துறையிலும் பணி முடித்தவர்கள், பிள்ளைகளுக்குச் சுடப் பயிற்சி தருகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. துப்பாக்கியே கூடாது என்பவர்கள் அல்ல நாங்கள். அதை வைத்திருப்பவர்கள், சுடக் கற்றுத் தருபவர்கள். அதனால்தான் இந்தக் கண்டனம் முதலில் எங்களை நோக்கியே வருகிறது.

"தானாக வெடித்துவிட்டது" என்று எந்தத் துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல முடியாது. குழலுக்குள் தோட்டா தானாகப் போய் உட்காராது. ஒரு கை போட்டது. போட்டதை எடுக்காமல் விட்டதும் ஒரு கை. எட்டுகிற உயரத்தில், பூட்டில்லாமல் மாட்டியதும் ஒரு கை. இந்த மூன்றும் பெரியவர்கள் செய்தவை. நான்காவதாகத்தான் அந்தச் சிறுவனின் கை வருகிறது. அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இருந்ததா, யார் பெயரில் இருந்தது என்பதெல்லாம் வழக்கு பார்த்துக்கொள்ளும். குண்டோடு அது ஏன் சுவரில் தொங்கியது என்பதே எங்கள் கேள்வி.

அதற்கான பதில் எங்களுக்குத் தெரியாததல்ல. ஹெக்கடதேவன கோட்டை, சரகூரு, உணசூரு, நஞ்சன்கூடு பக்கம் காட்டோரமாக விவசாயம் செய்யும் எவருக்கும் தெரியும். ராத்திரி பன்றி வரும், யானை வரும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கிகளில் பல இன்னமும் எஸ்.பி.எம்.எல். என்கிற ரகம்: ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிப்பது. பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கி என்றால் மடக்கி, தோட்டாவை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போகலாம். கெட்டித்த துப்பாக்கியில் அது நடக்காது. வெளியே சுட்டுத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பியை விட்டுப் பொறுமையாகத் தோண்டி எடுக்க வேண்டும். மருந்து விலையை நினைத்து, நாளைக்கும் பன்றி வருமே என்று நினைத்து அப்படியே மாட்டி வைக்கிறார்கள். அடுத்த நாள், அதற்கடுத்த நாள், ஒரு மாதம்கூட அது அப்படியே தொங்கும். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு சாமான் ஆகிவிடும். பழைய ரகங்களில் குதிரை நேராக, மருந்தைப் பற்ற வைக்கும் கேப்பின் மீதே சாய்ந்திருக்கும். கீழே விழுந்தாலே போதும்.

எங்கள் செயற்குழுவில் இருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் தன் கதையைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறோம். யானை வரும் என்று கெட்டித்து வைத்த துப்பாக்கியை அவரும் இப்படித்தான் மாட்டியிருந்தார். காலையில் ஐந்து வயதுப் பேரன் ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். மருமகள் பார்த்துவிட்டாள். கேப் மாட்டியபடியே இருந்தது. அன்று மாலையே அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். "முப்பது வருஷமா துப்பாக்கி தெரிஞ்சவன்னு பேர் வாங்கி வெச்சிருந்தேன்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. கேப்பை உருவித் தனியாகப் பூட்டி வைக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தம், மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகத் துப்பாக்கியைக் கையாண்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் இதே பிரிவில் குற்றம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று சொல்கின்றன. கையாளுதல், எடுத்துச் செல்லுதல், பத்திரமாக வைத்தல் எல்லாம் அந்தப் பயிற்சியில் அடக்கம்.

அந்தப் பயிற்சியைத் தருகிறவர்கள் நாங்கள். அங்கேதான் எங்கள் தலை குனிகிறது. காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்கு ரவுண்டு சுடவிட்டு அனுப்புகிற பயிற்றுநர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். எப்படிக் குறி பார்ப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லுவார்கள். வீட்டில் எங்கே வைப்பீர்கள், சாவி யாரிடம், தோட்டா எந்த அலமாரியில், வீட்டில் எத்தனை குழந்தைகள், குடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்கள். வீட்டில் பூட்டத் தெரியுமா என்று கேட்காமல் சான்றிதழ் எழுதிய பயிற்றுநர் சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தவருக்குச் சமம். இந்த வழக்கத்தை எங்கள் சங்கம் கண்டிக்கிறது; அதைச் செய்பவர் எங்கள் உறுப்பினராகவே இருந்தாலும்.

பயிற்றுநரின் பிழை பயிற்றுநரையே கொன்ற சம்பவமும் உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான சுடுதளம் ஒன்றில், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் தானியங்கி உஸி துப்பாக்கியைக் கொடுத்தார் ஒரு பயிற்றுநர். முதலில் ஒரு குண்டு மட்டும் சுட வைத்தார். பிறகு தானியங்கியாக மாற்றிக் கொடுத்தார். குண்டுகள் பாய்ந்த வேகத்தில் துப்பாக்கி அந்தச் சின்னக் கைகளை மீறி மேல்நோக்கியும் இடப்பக்கமாகவும் திரும்பியது. பக்கத்தில் நின்ற அவர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுத் தருகிற எவரும் அந்தச் சிறுமியை நினைக்காமல் இருக்க முடியாது. தன் வாழ்நாள் முழுக்க அவள் எதைச் சுமப்பாள்? நாகமங்கலாவின் அந்தச் சிறுவனைப் பற்றியும் இதே கவலை எங்களுக்கு இருக்கிறது. அவனைக் குற்றவாளியாகப் பேசுவதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தனியார் மட்டும்தான் தவறுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு வந்து தைத்தது. தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் ஜனவரி 3 அன்று இறந்துபோனான். சுட்டவர்கள் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கி அரசுடையது. சுடுதளம் அனுமதி பெற்றது. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் படைவீரர் தொகுத்த நான்கு விதிகளை உலகமெங்கும் பயிற்றுநர்கள் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் கடைசியானது, இலக்கோடு இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொண்டு சுட வேண்டும் என்பது. நார்த்தாமலையில் பின்னால் இருந்தது ஒரு சோற்றுத் தட்டு. எங்கள் உறுப்பினர்களில் அரசுப் பணியில் இருந்தவர்கள் பலர். சீருடை போட்டவர் தவறினால் அது தவறாகாது என்று அவர்களில் ஒருவரும் வாதாடவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறோம்.

இலக்கையே அறியாமல், காபித் தோட்டங்களில் இருட்டில் அசைந்த புதரைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு மனிதன் செத்த செய்திகள் குடகிலிருந்தும் சிக்கமகளூருவிலிருந்தும் வந்துகொண்டேயிருக்கின்றன. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வேட்டைக்கான அனுமதி அல்ல. இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

குடகைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து பிரிட்டிஷ் காலம் தொட்டு விலக்கு உண்டு. மத்திய அரசு 2019-இல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. கைல் போல்து திருநாளில் துப்பாக்கிக்குப் பூவைத்து வணங்குகிறவர்கள் அவர்கள். அந்த மரபை நாங்கள் மதிக்கிறோம். மைசூருவில் ஆயுத பூஜை அன்று நாமும் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். வணங்கத்தக்கது என்று நினைக்கிற ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு அடியில் குழந்தைகளைத் தூங்க வைப்பது எப்படி என்றே கேட்கிறோம்.

தசராவுக்கு முன்னால் இந்த ஊரில் நடப்பதைப் பாருங்கள். ஜம்பு சவாரி என்னும் யானை ஊர்வலத்தன்று 21 பீரங்கி வேட்டு. அந்தச் சத்தத்துக்கு யானைகளும் குதிரைகளும் மிரளக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே அவற்றை நிறுத்தி வைத்துப் பீரங்கி வெடித்துப் பழக்குகிறார்கள். மாவுத்தர்கள் பக்கத்தில் நின்று தட்டிக்கொடுக்கிறார்கள். பீரங்கி இயக்கும் காவலர்கள் அதற்கும் முன்பே வெறும் குழலில் ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். யானை மிரளாமலிருக்க இந்த ஊர் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் கால் பங்கை, வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் நாம் நம் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்டிருக்கிறோமா?

விளையாட்டுப் பிரிவில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எங்களைவிட மேல். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் சிறுமிகூட, துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குழலுக்குள் நிறமுள்ள பாதுகாப்புக் கொடியைச் செருகியிருக்க வேண்டும். கட்டளை வரும்வரை அதை எடுக்கக் கூடாது. அவள் சுடுவது 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. அவள் அப்பாவின் பன்னிரண்டு போர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அதிகாலையில் தன் உரிமம் பெற்ற ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது வெடித்துத் தன் காலிலேயே குண்டு பாய்ந்து மருத்துவமனைக்குப் போனார். அவர் பிழைத்தார் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. பல வருடப் பழக்கம் ஒருவரைக் காப்பாற்றும் என்று நம்பும் எங்கள் மூத்த உறுப்பினர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் எங்கள் கோரிக்கை இது. உரிமம் புதுப்பிக்க வருகிறவரின் வீட்டுக்கு ஒருவரை அனுப்பி, பூட்டுள்ள பெட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி வரிசையில் நிறுத்துகிறீர்கள். அந்த அக்கறை தேர்தல் இல்லாத மாதங்களுக்கும் வேண்டும். கெட்டிக்கும் ரகம் வைத்திருக்கும் ஏழை விவசாயிக்கு இரும்புப் பெட்டி வாங்க வசதி இராது. பயிர் இழப்பீடு தருகிற அரசு ஒரு பெட்டியும் பூட்டும் தர முடியும். பண்ணைகளிலும் தோட்டங்களிலும் வெளியூர்த் தொழிலாளர் குடும்பங்களைத் தங்க வைக்கும் முதலாளிகள், அவர்கள் படுக்கும் அறையில் தங்கள் துப்பாக்கியை வைக்கக் கூடாது. ஆயுதத்தைக் காவல் காக்கும் வேலைக்கு அந்தக் குடும்பங்கள் வரவில்லை.

சங்க உறுப்பினர்களுக்கு: ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் செயற்குழுவினர் இருவர் இருவராக உங்கள் வீட்டுக்கு வருவார்கள். துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். சாவி வீட்டுத் தலைவரின் இடுப்பில் இருக்க வேண்டும், சாமி படத்துக்குப் பின்னால் அல்ல. இல்லாதவர்களுக்கு ஏழு நாள் அவகாசம். அதன்பிறகு உறுப்பினர் பதிவு நீங்கும், காரணமும் எழுத்தில் பதிவாகும். சான்றிதழ் தரும் எங்கள் பயிற்றுநர்கள் இனி சான்றிதழின் நகலோடு, வீட்டில் வைக்கும் இடத்தைப் பற்றிப் பயிற்சி பெற்றவர் தன் கையெழுத்தில் எழுதிய பதில்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும். முதல் வீடாகச் செயலாளரின் வீட்டைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்,
மைசூரு