கெண்டைக்கால் பயில்வானும் தெருவோர டாக்டர்களும்

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்னப் பையன் அடிக்கடி விழுந்தா போதும், தெருவே டாக்டராயிடும். "தினம் ரெண்டு முட்டை குடுங்க." "வளர வளர சரியாயிடும்." "கெண்டைக்காலைப் பாருங்க, பயில்வான் மாதிரி இருக்கு, இவனுக்கா பலமில்ல?" கடைசியா பெத்தவளுக்கு ஒரு குத்து: "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்."

போதும் சாமிகளா, நிறுத்துங்க!

நாலஞ்சு வயசுப் பையன் தரையிலேர்ந்து எழும்போது தொடையில கையை ஊணி, தன் உடம்பு மேலேயே ஏறுற மாதிரி எழுந்திருக்கிறானா? கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கா? அது டுஷென் தசைச்சிதைவா இருக்கலாம். சுமார் 5000 ஆண் குழந்தைகள்ல ஒருத்தருக்கு வருது. பருத்த காலைப் பார்த்து ஏமாறாதீங்க, போகப் போக அதுல கொழுப்புதான் சேருது.

டிஸ்ட்ரோஃபின்னு ஒரு புரதம், 1987ல அடையாளம் கண்டாங்க. தசை இழையோட உள்பக்கத்தை வெளிச்சவ்வோட கட்டி வைக்கிற கயிறு அதுதான். அது இல்லேன்னா, நடந்தாலே சவ்வு கிழியும். கிழிஞ்சதைச் சரி பண்ண இழையோரமா சேட்டிலைட் செல்கள் தூங்கிட்டிருக்கும். அடிபட்டா முழிச்சுப் பெருகும். மயோ-டிங்கற புரதம் 'தசையா மாறு'ன்னு உத்தரவு போடும். பேக்ஸ்-7 புரதத்தை விடாம வச்சிருக்கற சில செல்கள் மட்டும் மறுபடி தூங்கப் போயிடும், அடுத்த தடவைக்கு.

நம்ம பாஷையில அதுதான் விதைநெல். ஒரு தடவை நாத்து அழுகினா மறுபடி விதைக்கலாம். தினம் தினம் அழுகினா? விதைக்கோட்டை காலி. வயல்ல புல்லு மண்டற மாதிரி தசையில கொழுப்பும் நாரும் மண்டும். அதுவரைக்கும் முளைக்கிற புது நாத்துலயும் அதே பழுது இருக்கே!

இதுல முட்டையும் புரோட்டீன் டப்பாவும் என்னத்தைக் கிழிக்கும்? தின்ன புரதம் வயித்துலயே உடைஞ்சு அமினோ அமிலமாயிடும். செங்கல் லாரி லாரியா வந்து என்ன புண்ணியம், வீட்டு பிளான்லயே பிழை! "நல்லா ஓடவிடுங்க, முறுக்கேறும்"னு சொல்றவர் கிழிசலைத்தான் கூட்டறார்.

அடுத்து அந்த சொந்தக் கல்யாணப் பழி. இந்த மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு எக்ஸ் வர்றது அம்மாகிட்டேர்ந்து மட்டும்தான். அப்பா மாமனா, அசலாங்கறது இங்க கணக்கிலேயே இல்லை. மூணுல ஒரு பங்கு கேஸ்ல பிழை புதுசா உண்டானது, அம்மாகிட்டயே கிடையாது. (வேற சில தசைச்சிதைவுகளுக்கு நெருங்கின சொந்தம் காரணமாகலாம். அது வேற கதை.)

உங்க ஆலோசனையால போறது அந்தப் பையனோட காலம். சி.கே.ன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. அது பல மடங்கு எகிறியிருந்தா மரபணுச் சோதனை. முழுசா குணமாக்க மருந்து இல்லைதான். ஆனா நேரத்துக்கு ஸ்டீராய்டு ஆரம்பிச்சா இன்னும் சில வருஷம் நடக்கலாம். அடுத்த குழந்தைக்கு முன்னாடி அம்மாவும், அவளோட தங்கச்சியும் சோதிச்சுக்கலாம்.

அதனால அடுத்த தடவை வாய் துறுதுறுன்னா, "முட்டை குடு"ன்னு சொல்லாதீங்க. "சி.கே. பாத்தாச்சா?"ன்னு கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. நீங்களும் இல்லை, அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன் :-)