கதவுக்கு வாங்கிய கருவி

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர் அதன் உரிமையாளரா, அல்லது விற்றவர் விதித்த பயனுக்கு மட்டும் அனுமதி பெற்றவரா? கதவு திறந்தால் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் கம்பியற்ற உணரி ஒன்று இந்த வினாவை எழுப்புகிறது.

அதனுள் இருப்பவை நாணய வடிவ மின்கலம், வானலைச் செய்தி அனுப்பும் சிறு சுற்று, கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் அருகிலிருந்தால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். இந்த ஆளிக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வோல்ட்டர் எல்வூட் 1941இல் காப்புரிமை பெற்றார். உண்மையில் அக்கருவிக்குக் கதவைப் பற்றி எதுவும் தெரியாது. சுற்று மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது மட்டுமே தெரியும்.

ஆகவே காந்தத்தை அகற்றிவிட்டு, குழாயின் இரு முனைகளிலும் கம்பிகளைப் பற்றவைத்துச் சாதாரண அழைப்புமணிப் பொத்தானுடன் இணைத்தால், கதவுக் காவலன் பொத்தானாகிவிடுகிறது. அழுத்தும்போது ‘மூடியது’, விடும்போது ‘திறந்தது’ என இரு செய்திகள் வரும். ஒன்றை மட்டும் கவனிக்குமாறு வீட்டுக் கணினியைப் பணிக்கவேண்டும். கருவி ஸிக்பீ போன்ற பொது நியமத்தில் பேசுமானால், 2013இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டன்ட் என்னும் திறந்தமூல மென்பொருள் இணையத்தின் தயவின்றியே அதனைச் செய்துவிடும். பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, கொழும்பில் தனித்திருக்கும் ஒரு தாயின் கட்டிலருகே இத்தகைய பொத்தானை நான் கண்டிருக்கிறேன். அழுத்தினால் குளியலறை வரை விளக்குகள் எரிகின்றன. இருட்டில் சுவரைத் தடவவேண்டிய அவசியமில்லை.

இதில் ஆபத்தில்லையா எனச் சிலர் கேட்கலாம். உணரிக்குள் இருப்பது மூன்று வோல்ட் மின்கலம். வீட்டு மின்சாரத்துடன் அதற்குத் தொடர்பில்லை. ஆனால் உயிர்காக்கும் அழைப்புக்கு இதனை மட்டும் நம்பலாகாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாளில் பொத்தானுக்கு உயிரிருக்கும். அதன் குரலைக் கேட்கவேண்டிய கணினிக்கு இராது. கட்டிலருகே கைமணி ஒன்றும் இருக்கட்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கடல்கடந்த நிறுவனத்தின் கணினியைக் கேட்டே இயங்கும் கருவிகளை இவ்வாறு நம் வசமாக்குவது எளிதன்று. ரிவோல்வ் என்னும் வீட்டுத் தன்னியக்கப் பெட்டியை ஏறத்தாழ 300 டொலர் கொடுத்து அமெரிக்கர்கள் வாங்கினர். 2014இல் அந்நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்தியது. பழுதேதுமின்றி அப்பெட்டிகள் பயனற்றுப்போயின. பணம் செலுத்தியவர்கள் உரிமையாளர்களாக அல்ல, குடியிருப்பாளர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

உணவுப் பொதியில் காலாவதித் திகதியை அச்சிடவேண்டும் என்பது சட்டம். இக்கருவிகளின் பெட்டியிலும் ஒரு வரி கட்டாயமாக வேண்டும் என்பது என் நிலைப்பாடு: உற்பத்தியாளரின் சேவை நின்றுபோனாலும் இது இயங்குமா, இயங்காதா? அதுவரை, வாங்குவதற்கு முன் இக்கேள்வியைக் கடைக்காரரிடம் நாமே கேட்கவேண்டும்.