500 வாட் என்று ஒட்டியிருந்தது

2024 மார்ச்சில் நம் பேரவை, பந்திங் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தை ஒட்டி நடக்கும் டியூஷன் வகுப்புக்கு ஆறு கணினிகளை அன்பளிப்பாக வழங்கியது. ரிப்பன் வெட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் பின்வரிசையில் வியர்த்து வழிந்தபடி நிற்பவன் நான்தான். பாகங்களை வாங்கியவனும் பொருத்தியவனும் நான்தான்.

நவம்பருக்குள் ஆறில் மூன்று செத்துப் போயின. மூன்றாவது தனியாகப் போகவில்லை. தாய்ப்பலகையையும் வன்தட்டையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஏதோ கருகுற வாடை வருதுப்பா. பிள்ளைங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டேன்." அந்த வன்தட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கதை எழுதும் போட்டிக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த 14 கதைகள் இருந்தன. நகல் எடுத்து வைக்கச் சொல்லித் தராததும் என் தவறுதான். ஆனால் தீயை மூட்டியது வேறொரு பொருள். கணினியிலேயே மிக மலிவாக நான் வாங்கிய பொருள், மின்வழங்கி. கடைத்தெருவில் பவர் சப்ளை என்போம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மொத்த ஒதுக்கீடு 4,200 வெள்ளி. ஒரு கணினிக்கு 700 வெள்ளி. பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த மின்வழங்கிக்குத் தனி விலை கேட்டபோது 45 வெள்ளி என்றார் கடைக்காரர். அதே கண்ணாடி அலமாரியில் 160 வெள்ளிக்கு வேறொன்று இருந்தது. "என்ன வித்தியாசம் பாஸ்?" என்றேன். "இதுவும் 500 வாட், அதுவும் 500 வாட். சமா சாஜா" என்றார். நல்லதை வாங்கியிருந்தால் ஒரு கணினி 815 வெள்ளி ஆகியிருக்கும். அந்தப் பணத்தில் ஐந்துதான் வாங்கியிருக்க முடியும். எனக்கு ஐந்தைவிட ஆறு அழகாகத் தெரிந்தது. செயலவைக்கும் அப்படியே தெரிந்தது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை என்பார்களே, அது வேறு யாருடைய கதையும் அல்ல.

இத்தனைக்கும் நான் தமிழ்ப்பள்ளியில் மின்சுற்று வரைந்தவன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய்ப் படிவம் 5 இயற்பியலில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று எழுதிப் புள்ளிகள் வாங்கியவன். அந்தப் பெருக்கலைக் கடையில் செய்து பார்க்கத் தோன்றவில்லை. கருகியபின் அந்த மின்வழங்கியின் பக்கவாட்டு அட்டவணையைப் படித்தேன். பெரிய எழுத்தில் 500 வாட். அதன்கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வாட்.

இந்த 12 வோல்ட்தான் முக்கியம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. பழைய காலத்துக் கணினிகள் 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையுமே அதிகம் உண்டன. 2000ஆம் ஆண்டுவாக்கில், பென்டியம் 4 வந்த காலத்திலிருந்து, செயலிக்கு வேண்டிய மின்சாரம் 12 வோல்ட் வரிசைக்கு மாறியது. இன்று செயலியும் வரைகலை அட்டையும் அதிலிருந்தே உயிர் வாழ்கின்றன. மலிவு மின்வழங்கி செய்பவர்களோ பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டு, யாருக்கும் தேவைப்படாத 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கையும் கூட்டி மேலே ஒரு பெரிய எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். நேர்மையான 500 வாட் மின்வழங்கியில் 12 வோல்ட் வரிசை மட்டுமே ஏறத்தாழ 40 ஆம்பியர் தரும்.

இங்கே ஒரு நண்பர் மடக்கினார். "டியூஷன் வகுப்புக் கணினியில் வரைகலை அட்டையே இல்லை. 100 வாட்கூடத் தின்னாது. 216 வாட் போதாதா?" போதும். தாராளமாகப் போதும். அதனால்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். அந்த மூன்று கணினிகளும் வாட் பற்றாமல் சாகவில்லை. 160 வெள்ளி மின்வழங்கி 300 வாட் என்று எழுதியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். நாம் எண்ணைப் பார்த்து வாங்குகிறோம்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உள்ளே என்ன இருந்தது? ஆய்வகத்தில் அனுபவமுள்ள ஓர் அண்ணன் திறந்து காட்டினார். (நீங்கள் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் அது கொஞ்ச நேரம் தங்கும்.) மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் சிறு வில்லைக்குப் பலகையில் இடம் அச்சிட்டிருந்தார்கள், வில்லையைக் காணோம். பிற்பகல் ஆனால் இடி இடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் அந்தப் பெட்டியைக் காவல் இல்லாமல் நிறுத்தியிருக்கிறேன். மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. அவற்றின்மேல் 85 டிகிரி என்று எழுதியிருந்தது. நல்ல மின்வழங்கிகளில் 105 டிகிரி போடுவார்கள். சூடு 10 டிகிரி கூடினால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு. குளிர்சாதனம் இல்லாத, தகரக் கூரை போட்ட அறையில் அவை எத்தனை நாள் தாங்கும்?

நல்ல மின்வழங்கி ஒருபோதும் கெடாது என்று நான் சொல்லவில்லை. கெட்டாலும் தான் மட்டும் கெடும். மின்னழுத்தம் எல்லை மீறினாலோ எங்காவது குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ அது தானே அணைந்துகொள்ளும். 45 வெள்ளிப் பெட்டியில் அந்தக் காவல் சரியாக இல்லை. அதனால்தான் வன்தட்டும் கூடவே வெந்தது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பலரும் 80 பிளஸ் முத்திரையைச் சொல்வார்கள். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய சான்றிதழ் அது. முழுச் சுமையில் 20, 50, 100 விழுக்காட்டில் வைத்துச் சோதிக்கும்போது, வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனுள்ளதாகத் தர வேண்டும். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் ஏற ஏற வீணாவது குறையும். முத்திரை இல்லாததைவிட இருப்பது நல்லது. முழுக் குப்பையை அது வடிகட்டிவிடும். ஆனால் அது சிக்கனத்துக்குக் கொடுத்த சான்றிதழ், பாதுகாப்புக்குக் கொடுத்ததல்ல. தங்கம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது.

நான் இப்போது முதலில் பார்ப்பது உத்தரவாதம். ஏழு நாள் மாற்றித் தருகிறோம் என்பவனுக்குத் தன் பொருள்மேல் உள்ள நம்பிக்கை ஏழு நாள்தான். ஐந்து ஆண்டு தருகிறவன் ஏதோ கணக்குப் போட்டுத்தான் தருகிறான். அடுத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிசை. அதன்பின் அந்தக் குறிப்பிட்ட மாதிரியைப் பிரித்துச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறேன். நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்புவதில்லை, ஏனென்றால் பெரிய பெயர்களிடமும் மலிவு வரிசை உண்டு. கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். காலி டப்பா போலக் கனமில்லாமல் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வீட்டில் விளையாட்டுக்காகக் கணினி கட்டும் நம் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 115 வாட் உண்ணும் ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 550 வாட் மின்வழங்கி போதும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 850 வாட் வாங்கிப் பெருமைப்படும் காசில் தரமான 550 வாட் வாங்கலாம். இன்னொன்று, கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள மின்வழங்கியை மாற்றும்போது பழைய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகாதீர்கள். செருகி ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே மின்சாரம் வரும் வரிசை வேறாக இருக்கலாம். ஒரே நொடியில் வட்டு போய்விடும். பழைய கணினியை அன்பளிப்பாகப் பெறுகிறவர்கள் பின்பக்கத்தில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அது 115இல் நின்றால், நம் நாட்டுச் சுவரில் செருகியதும் பட்டாசுதான்.

இனிப் பேரவைக்கு. ஆண்டறிக்கையில் 'ஆறு கணினிகள் வழங்கப்பட்டன' என்று அச்சாகியிருக்கிறது. பொய்யில்லை. ஆனால் எந்த அறிக்கையிலும் 'மூன்று ஓடுகின்றன' என்று அச்சாவதில்லை. எண்ணிக்கை குறைந்தால் நன்கொடையாளர்களிடம் எப்படி முகம் காட்டுவது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதே பயத்தில்தான் ஆறு வாங்கினேன். ஆனால் வாடை வந்த அன்று பிள்ளைகளை வெளியே அனுப்பிய டீச்சரிடம் முகம் காட்டுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது.

தப்பிப் பிழைத்த மூன்று கணினிகளுக்கும், தாய்ப்பலகை உயிரோடிருந்த இரண்டுக்கும் சேர்த்து ஐந்து மின்வழங்கிகள் வாங்கியாயிற்று. மூன்று என் உபகாரச் சம்பளத்தில், இரண்டு முன்னாள் மாணவர் ஒருவரின் தயவில். வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 'மின்வழங்கி, ஐந்தாண்டு உத்தரவாதத்துடன்' என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்துக் கணினிகள் என்று இருந்ததை எட்டாகத் திருத்தியிருக்கிறேன். செயலவை இன்னும் கையெழுத்திடவில்லை. ஆறாவது கணினி துணி போர்த்தியபடி மண்டபத்து மூலையில் இருக்கிறது. கதை எழுதிய பிள்ளைகளில் ஒன்பது பேர் மறுபடியும் தட்டச்சு செய்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேருக்குத் தங்கள் கதை முழுதாக நினைவில் இல்லையாம்.