குணச்சித்திரம் எண்டால் என்ன? ஜேம்ஸ் ஹொங்கை முன்வைத்து

'குங் ஃபூ பாண்டா'வில் வாற மிஸ்டர் பிங்கை உங்களுக்குத் தெரியும். நூடில்ஸ் கடை வைத்திருக்கிற வாத்து. எடுத்து வளர்த்த பாண்டாப் பிள்ளை ஊரைக் காப்பாற்றப் போனாலும், கடையை ஆர் பார்க்கிறது எண்டு கவலைப்படுகிற அப்பா. அந்தக் குரல் ஜேம்ஸ் ஹொங்கினுடையது. முதல் படம் வெளியான 2008இல் அவருக்கு வயது 79. எங்கட தலைமுறை அந்தக் குரலோடதான் வளர்ந்தது. குரலுக்குரிய முகத்தைத் தேடிப் பார்த்தது 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஓல் அட் வன்ஸ்' (2022) வந்த பிறகுதான்.

அந்தப் படத்துக்குப் பிறகு இணையம் முழுக்க அவரைப் பற்றி ஒரே மாதிரியான கட்டுரைகள். எழுபது வருட நடிப்பு, 400க்கும் மேற்பட்ட படங்களும் தொடர்களும், ஹொலிவூட்டிலேயே அதிகம் நடித்தவர்களில் ஒருவர், 93 வயதில் வோக் ஒஃப் ஃபேமில் நட்சத்திரம், கடைசியில் பொறுமை வென்றது. வாசிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 400 எண்ட எண்ணை ஒரு சாதனையாகப் பார்க்க எங்களுக்கு மனம் வரேல்லை.

யோசித்துப் பாருங்கோ. கதாநாயகனாக நடிக்கிறவர் வருடத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. வாழ்நாள் முழுக்க நடித்தாலும் நூறைத் தொடுறது கஷ்டம். 400 வாறதெண்டால் அதிலை பெரும்பாலானவை மிகச் சின்ன வேடங்களாக இருந்தால்தான் முடியும். வாறார், கதவைத் திறக்கிறார், ஒரு வசனம், போறார். அடுத்த கிழமை வேற செட், வேற கதவு. அந்த எண்ணுக்குள்ள இருக்கிறது கூலிக் கணக்கு.

தமிழில் இப்படியான நடிகர்களைக் 'குணச்சித்திர நடிகர்' எண்டு சொல்லுறம். நல்ல சொல். ஒரு மனிசருடைய குணத்தைச் சித்திரமாகத் தீட்டுறவர். ஆனால் ஹொங்குக்கு முதல் முப்பது வருடங்கள் கிடைத்த வேடங்களில் பெரும்பாலானவற்றில் குணமும் இல்லை, சித்திரமும் இல்லை. அவரிட்டைக் கேட்கப்பட்டது ஒரு முகம். லொண்டறிக்காரர், சமையல்காரர், கடத்தல்காரர், ஒற்றர், வேலைக்காரர். 'சைனாடவுன்' (1974) எண்டு பெயர் வைத்த படத்திலேயே அவருடைய வேடம் ஒரு பணக்கார வீட்டு வேலைக்காரர். படத்தின் பெயர் முழுக்க சீனர்கள், படத்துக்குள்ள விரல் விட்டு எண்ணலாம்.

அவர் பிறந்தது அமெரிக்காவில், மினியாபோலிஸ் நகரில், 1929இல். சிவில் இன்ஜினியரிங் படித்து, லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் வீதிப் பொறியியலாளராக வேலை செய்தவர். லீவு போட்டுவிட்டு நடிக்கப் போவாராம். பிறகு வேலையையே விட்டுவிட்டார். (எங்கட ஊர்ப் பக்கம் இது நடந்திருந்தால் வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரிஞ்சிருக்காது. ஆர்ட்ஸ் படிக்கிறதுக்கே நாங்கள் வாங்கின பேச்சு போதும்.) 1955இல் கிளார்க் கேபிளோட 'சோல்ஜர் ஒஃப் ஃபோர்ச்சூன்', ஜோன் வெயினோட 'பிளட் அலி'. தொடக்கமே பெரிய ஆட்களோட. ஆனால் அவர் வந்து சேர்ந்த தொழிலின் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா?

1937இல் 'த குட் ஏர்த்' எண்டொரு படம். சீனக் கமக்காரக் குடும்பத்தின் கதை. கணவனாக நடித்தவர் போல் மூனி, மனைவியாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர். இரண்டு பேரும் வெள்ளையர்கள். ரெய்னருக்கு அதுக்கு ஒஸ்காரும் கிடைத்தது. அந்த வேடத்தை விரும்பிய அன்னா மே வொங், அந்தக் காலத்தில் ஹொலிவூட்டின் மிகப் பிரபலமான சீன அமெரிக்க நடிகை. அவருக்குக் கிடைக்கேல்லை. இருபது வருடம் கழித்து, 1957இல், 'த நியூ அட்வென்சர்ஸ் ஒஃப் சார்லி சான்' தொலைக்காட்சித் தொடர். சீனத் துப்பறிவாளர் சார்லி சானாக நடித்தவர் ஜே. கரோல் நெய்ஷ், ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். சானுடைய மகனாக ஜேம்ஸ் ஹொங். அப்பா மேக்கப் போட்டுச் சீனர், மகன் பிறப்பிலேயே சீனர். அந்த செட்டில் பக்கத்தில் நிண்டு ஒவ்வொரு நாளும் வசனம் பேசுறது எப்படி இருந்திருக்கும்? எழுபதுகளில் 'குங் ஃபூ' தொடர் வந்தபோதும் கதை மாறேல்லை. நாயகன் டேவிட் கராடைன். ஹொங் பல எபிசோட்களில், வேற வேற ஆளாக வந்துபோனார்.

ஆகவேதான் 'பொறுமை வென்றது' எண்ட வசனத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. பொறுமை எண்டு சொன்னால், நேரம் வரும்வரை காத்திருந்தார், நேரம் வந்தது எண்டு அர்த்தம் வருது. அவர் சும்மா காத்திருக்கேல்லை. 1965இல் மாக்கோ முதலான நண்பர்களோட சேர்ந்து லொஸ் ஏஞ்சல்ஸில் 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' எண்ட நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆசிய அமெரிக்க நடிகர்கள் முழு மனிசராக மேடையில் நிற்க ஒரு இடம். அது இண்டைக்கும் இயங்குது. வாழ்த்துக் கட்டுரைகள் பலதில் இதுக்கு ஒரு வரிதான். 400 படத்தை விட இதுதான் பெரிய வேலை எண்டது எங்கட கருத்து.

இன்னொரு விஷயம். பொறுமையைப் புகழ்ந்தால் விட்டுப் போனவர்கள் பொறுமை இல்லாதவர்கள் எண்டு ஆகிடும். அதே 2022 படத்தில் கணவனாக நடித்த கே ஹுய் குவானைப் பாருங்கோ. 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' (1984), கண்டிப் பக்கம் எடுத்த அதே படம்தான், அதில் வந்த சின்னப் பொடியன் அவர். வளர்ந்த பிறகு வேடம் இல்லை. நடிப்பை விட்டுக் கிட்டத்தட்ட இருபது வருடம் கமெராவுக்குப் பின்னால் வேலை செய்தார். திரும்பி வந்த உடனே ஒஸ்கார். இடையில் போன இருபது வருடத்தில் அவருக்குத் திறமை இல்லாமலா இருந்தது? ஒருவர் சின்ன வேடங்களை ஏற்றுத் தங்கினார், மற்றவர் வெளியேறினார். இரண்டு பேரையும் அந்த நிலைக்குத் தள்ளினது ஒண்டுதான்.

'இப்படியான வேடங்களை அவர் ஏன் ஏற்றார், மறுத்திருக்கலாமே' எண்டு கேட்கிறவர்களும் இருக்கினம். நியாயமான கேள்வி. எங்களுக்கும் சில வேடங்களைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது. 'பிக் ட்ரபிள் இன் லிட்டில் சைனா'வில் (1986) வாற மந்திரவாதி லோ பான், பழைய கிழக்கத்தேய வில்லன் அச்சில் வார்த்த ஆள்தான். ஆனால் ஹொங் அதைச் செய்யிற விதத்தைப் பார்க்கவேணும். சக்கர நாற்காலியில் சுருங்கிப்போன கிழவனாகவும் ஆவி மாதிரி உயர்ந்த மந்திரவாதியாகவும் மாறி மாறி வந்து, அந்தப் பழைய அச்சையே பகிடியாக்கிறார். படம் தியேட்டரில் தோற்றது. வீடியோ கசெட்டில்தான் ரசிகர்களைச் சேர்த்தது. அந்த ரசிகர்களுக்கு இண்டைக்கும் ஞாபகம் இருக்கிறவர்களில் முக்கியமானவர் லோ பான்தான்.

வோக் ஒஃப் ஃபேம் நட்சத்திரத்தின் கதையையும் சொல்லவேணும். அதுக்கு 50,000 டொலருக்கு மேல் தேவை. வழமையில் ஸ்டூடியோக்கள்தான் கட்டுறது. ஹொங்குக்கு நடிகர் டேனியல் டே கிம் 2020இல் இணையத்தில் நிதி திரட்ட, ரசிகர்கள் சில நாள்களுக்குள் காசைச் சேர்த்துக் குடுத்தார்கள். 2022 மே மாதம் கல் பதிக்கப்பட்டது. இத்தனை வருடம் அவரை வைத்து வேலை வாங்கின தொழிலுக்கு ஒரு கல் பதிக்க நேரம் கிடைக்கேல்லை. அடுத்த வருடம் 'எவ்ரிதிங்' ஏழு ஒஸ்கார் வென்றபோது அதன் நடிகர்கள் நால்வருக்கு நடிப்புப் பரிந்துரை கிடைத்தது. ஹொங் அந்த நால்வரில் இல்லை. ஆனால் அதுக்குச் சில கிழமைகளுக்கு முதல், நடிகர் சங்க விருது மேடையில், 94 வயதில் அவர் பேசினதைத் தேடிப் பாருங்கோ. நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் 'த குட் ஏர்த்'தை இழுத்தார். கண்ணை ஒட்டிக் கட்டிக்கொண்டு சீனராக நடித்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஆசியர்கள் நடிப்புக்குக் காணாது எண்டு தயாரிப்பாளர்கள் சொன்னதைச் சொன்னார். 86 வருடத்துக்கு முந்தின படம்! மனிசர் மறக்கேல்லை.

அவரைப் பார்க்கத் தொடங்க விரும்பினால் எங்கட சிபாரிசு 'பிளேட் ரன்னர்' (1982). அதில் அவர் சூ, செயற்கை மனிசருக்குக் கண் செய்யிறவர். சில நிமிடக் காட்சிதான். நிசமான குளிர் அறைக்குள்ளதான் எடுத்தார்கள். மயிர்த்தோல் கோட்டும் குழாய்களுமாக, தன்பாட்டில் முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கையில் எடுத்து ரசிக்கிறார். வந்தவர்கள் கோட்டைக் கிழிக்க, குளிரில் நடுங்குறார். அந்த நடுக்கத்துக்குள்ளேயும் தான் செய்த கண்ணை எதிரில் நிக்கிறவனின் முகத்தில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெருமை அவருடைய முகத்தில் வந்துபோகுது. அந்த இடத்தில் நிப்பாட்டி, திருப்பி ஒருக்கால் பாருங்கோ.