பள்ளி திறக்கும் முன்பே மூடப்படும் கதவு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு நாகர்கோவில் சுவர்கள் நிறம் மாறிவிடும். வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தால் கோச்சிங் சென்டர் தட்டிகள்தான் கண்ணில் படும். பதினொன்றாம் வகுப்பு பயாலஜிக்குக் கோடைகால 'பவுண்டேஷன்' வகுப்பு என்று எழுதியிருப்பார்கள். ஏப்ரலில் சேரும் பிள்ளை ஜூனில் பள்ளிக்குள் நுழையும்போது செல்லின் அமைப்பையும் செல் பகுப்பையும் வகைப்பாட்டியலையும் ஒரு சுற்று முடித்திருக்கும். அதே வகுப்பில் அதன் பக்கத்தில் உட்காரும் இன்னொரு பிள்ளை அன்றுதான் புத்தகத்தைக் கையில் வாங்கும்.

இரண்டு மாத வித்தியாசம்தானே என்று கேட்கலாம். இந்த இரண்டு மாதத்தைத்தான் இரண்டு வருடம் கழித்து 'தகுதி, திறமை' என்று பெயர் மாற்றி நம் முகத்தில் எறிகிறார்கள்.

பயாலஜிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? பத்தாம் வகுப்பில் அறிவியல் ஒரே பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே புத்தகத்துக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் உயிரியல் மட்டுமே தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் புத்தகங்களாக வருகிறது. அட்டையையும் முயலையும் படித்து முடித்த பிள்ளையின் முன்னால் புரோகேரியோட், குன்றல் பகுப்பு, உள்ளீர்த்தல் என்று நூற்றுக்கணக்கான புதுச்சொற்கள் வந்து விழுகின்றன. அதற்கும் மேலே நீட் நிற்கிறது. அதன் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் வரும். ஆக, பதினொன்றின் முதல் மாதத்தில் தடுமாறும் பிள்ளை ஒரு பருவத் தேர்வில் மட்டும் தோற்பதில்லை.

சரி, கோடை யாருக்கு இருக்கிறது? நாஞ்சில் நாட்டு வயல்களில் மே மாதம் கன்னிப்பூ சாகுபடிக்கு நாற்றங்கால் போடும் காலம். பேச்சிப்பாறைத் தண்ணீர் திறந்தால் ஜூனில் நடவு. அந்த வயலில் குனிந்து நிற்பவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோச்சிங் கட்டணம் கேட்கப்படும் அதே மாதங்களில்தான் கடற்கரை வீடுகளில் வருமானம் நின்றுபோகிறது. மேற்கே அண்டியாபீஸில் தோட்டு எண்ணெயில் கை வெந்து பருப்பு உடைக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு டவுனில் தங்கிப் படிக்கும் கோடை எங்கே இருக்கிறது?

2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் கன்னியாகுமரி. இந்தப் பெருமையைச் சொல்லாத மேடை கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கைக்கு அடியில் யார் எந்த குரூப்பில் உட்கார்ந்தார்கள் என்ற கணக்கு புதைந்து கிடக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்தான். சான்றிதழோடு அம்மாவும் நானும் பயாலஜி குரூப் கேட்டுப் போனோம். படிவத்தைப் பார்த்தவர் முதலில் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, சாதிச் சான்றிதழைப் பார்த்தார். "ஒனக்கு எதுக்குடே பயாலஜி? டாக்டராவப் போறியா? தொழிற்கல்வி எடு, பாஸாவது ஆவ" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் கூலிக்குப் போகாமல் மறுபடி என்னைக் கூட்டிக்கொண்டு போய், குரூப் கிடைக்கும்வரை வாசலிலேயே நின்றார். அந்தக் கோடையில் தெருவிலிருந்த ஒரு அக்காவின் பழைய புத்தகத்தை வாங்கி நானே படித்தேன். பாதி புரியவில்லை. கேட்க ஆளில்லை. ஜூனில் வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது பட்டென்று கையை உயர்த்தியவர்களைப் பார்த்து, இவர்களெல்லாம் பிறவியிலேயே அறிவாளிகள் என்று நம்பினேன். கோடை முழுவதும் அவர்கள் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. என்னைப் போன்றவர்கள் அந்த ஆறு மாதத்தில்தான் 'நமக்கு வராது' என்று முடிவு செய்து ஒதுங்குகிறார்கள். இன்று தாவரவியலில் ஆய்வு செய்கிறேன். ஆனால் என்னோடு வாசலில் நின்று திரும்பிப்போனவர்களைக் கணக்கில் எடுக்காமல் என்னை முன்னுதாரணமாகக் காட்டுவது மோசடி.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில், 1860களில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் மருத்துவர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்தும் அரசின் கதவு திறக்கவில்லை. மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறிய ஈழவரான பல்புவை வயதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது சமஸ்தானம். அவர் சென்னை போய் மருத்துவம் படித்துத் திரும்பியபோதும் சொந்த நாட்டில் வேலை தரவில்லை. மைசூர் அரசில் வேலை பார்த்தார். 1896ல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவ மனுவை மன்னரிடம் கொடுத்தார். சாதியை வெளிப்படையாகச் சொல்லாமல் வேறொரு காரணத்தைச் சொல்லி வெளியே நிறுத்துவது அன்றே இருந்த வித்தை. அன்று வயது, இன்று கட்-ஆஃப்.

நம் வீட்டுக் குற்றத்தையும் பேசியாக வேண்டும். தோள்சீலைப் போராட்டத்தை, 1859 அரசாணையை மேடைதோறும் பேசும் நம் மாவட்டத்து நடுத்தர வர்க்கம், தன் பிள்ளையை ஏப்ரலிலேயே கோச்சிங்கில் சேர்த்துவிட்டு, காலனிப் பிள்ளையைப் பார்த்து 'ரிசர்வேஷன்ல வந்துடுவான்' என்கிறது. மிதிபட்ட வரலாறு இருப்பது அடுத்தவனை மிதிக்கக் கிடைத்த உரிமம் அல்ல.

'நீட் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். நீட் ஒழிய வேண்டும். அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கை போதும்: மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016-17ல் சுமார் 12 சதவீதம், 2020-21ல் சுமார் 71 சதவீதம். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் தேர்வு அது. 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவை 2017ல் இழந்தோம். 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த உண்மையான பிடிமானம்.

ஆனால் நீட் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது? பிராய்லர் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தூக்கி எறிந்துவிட்டு, அந்தக் கோடையிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கி இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் அந்தத் தேர்வை அரசு ரத்து செய்துவிட்டது. பிள்ளைகளின் தேர்வுச் சுமை குறைய வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை யார் காப்பாற்றுவது? கோச்சிங் போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் வெளியே கிடைத்துவிடும். பள்ளியை மட்டுமே நம்பும் பிள்ளைக்கு எங்கேயும் கிடைக்காது. சமூகநீதி பேசும் அரசு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு குரலும் கேட்கிறது. 'உங்கள் பிள்ளைகளுக்கு எதற்குக் கோச்சிங்? வயலும் கடலும்தானே ஆய்வகம்?' கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. என் அம்மா விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளை வரும் நேரத்தைக் கைச்சூட்டிலேயே சொல்லுவார். மணக்குடி அலையாத்திக் காட்டில் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேரை அங்குள்ள பிள்ளைக்கு யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இந்த அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் நானும் பேசுகிறேன். ஆனால் அதைச் சொல்லி நுண்ணோக்கியை மறுத்தால் அது குலக்கல்வி. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தை மக்கள் எதிர்ப்பு 1954ல் வீழ்த்தியது. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் என்பதற்காக அந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது. என் அம்மாவுக்கு விதை முளைப்பது தெரியும். அது ஏன் முளைக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல.

உயிரியல் டாக்டராவதற்கு மட்டுமான படிப்பும் அல்ல. மனிதர்கள் அனைவரும் ஒரே மூதாதையரின் கிளைகள் என்று சொல்லும் பாடம் அது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற புராணத்துக்கு அதில் இடமில்லை. 2023ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளிலேயே பதினொன்றின் புத்தகங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். மே மாதம் முழுவதும் அரசு மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகமும் நூலகமும் திறந்திருக்க வேண்டும். மதிய உணவோடும், ஊதியம் பெறும் ஆசிரியர்களோடும் அங்கே இலவசப் பாலப்பாட வகுப்பு நடக்க வேண்டும். பயாலஜி குரூப் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பாடம் உண்மையில் நடக்கிறதா என்று கல்வித்துறை தனியார் பள்ளிகளுக்குள்ளும் போய்ச் சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் உங்களில் பலர் உயிரியலோ, நர்சிங்கோ, மருந்தியலோ படித்தவர்கள். உங்கள் தெருப் படிப்பகத்தில் இந்தக் கோடையில் மாலை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். உருப்போட வைக்காதீர்கள். செல் என்றால் என்ன, உயிரிகளை ஏன் வகைப்படுத்துகிறோம், செல் ஏன் இரண்டு விதமாகப் பிரிகிறது, இந்த மூன்றும் விளங்கினால் ஜூனில் அந்தப் பிள்ளை தலை குனியாது. பள்ளிச் சேர்க்கை நாளில் கூடவே போய் நில்லுங்கள். அன்று என் அம்மா தனியாக நின்றார். இனி எந்த அம்மாவும் அந்த வாசலில் தனியாக நிற்கக் கூடாது.